போட்டோ கேலரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: ஓரத்தில் நின்றவர்களை வெட்டிய ஒரு லேஅவுட்

அப்பா கோவில்பட்டியில் 1971 முதல் 2006 வரை போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் காலமான பிறகு வீட்டில் மிஞ்சியது இரண்டு இரும்புப் பெட்டி நிறைய நெகட்டிவும் பதினோரு நோட்டும்தான். ஒவ்வொரு வேலைக்கும் நம்பர் போட்டு, தேதி, பெயர், ஊர் எல்லாம் அந்த நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பலருக்குத் தங்கள் தாத்தா, பாட்டியின் படம் என்று இருந்தால் அது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். அதனால் ஒரு வருடம் உட்கார்ந்து 3,200 நெகட்டிவை ஸ்கேன் செய்தேன். யார் வேண்டுமானாலும் போனில் பார்த்து, தங்கள் வீட்டுப் படத்தைக் கண்டுபிடித்துக் கேட்டால் இலவசமாக அனுப்பிவிடுவது என்பது எண்ணம்.

இணையதளம் செய்து தரும் ஒருவரை உறவினர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெயர் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், இதே வேலைக்கு ஆள் தேடுகிற யாருக்காவது பயன்படும்.

மாதிரிக்கு நாற்பது படம் கேட்டார், அனுப்பினேன். மூன்று நாளில் டெமோ வந்தது. மூன்று மூன்றாக அடுக்கிய சதுரக் கட்டங்கள், நடுவில் மெல்லிய வெள்ளை இடைவெளி. அப்பாவின் படங்களை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. "இது உங்களுக்காகவே டிசைன் பண்ணின லேஅவுட் மேடம்" என்றார். மொத்தம் 40,000 ரூபாய் பேசி, அன்றைக்கே 25,000 அனுப்பினேன்.

அந்த டெமோவில் இருந்தது பன்னிரண்டு படம். பன்னிரண்டும் அப்பா ஆரம்ப காலத்தில் யாஷிகா மேட்டில் எடுத்தவை. அந்தக் கேமராவில் போடுகிற 120 ஃபிலிமில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம் விழும், ஒவ்வொன்றும் சரியான சதுரம். சதுரப் படத்தைச் சதுரக் கட்டத்தில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். நான் அனுப்பிய நாற்பதில் மீதி 28 படமும் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தவை. அவற்றில் ஒன்றுகூட டெமோவில் இல்லை. இதை அன்றைக்கே நான் கவனித்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

கேலரி வெளியான மறுவாரம் எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். அவருடைய அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாராம். 1983-இல் ஒரு சித்தப்பா கல்யாணத்தில் அப்பா எடுத்த குரூப் போட்டோவில் அம்மா இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்களாம். "அந்தக் கல்யாணப் படம் எல்லாம் பார்த்துட்டேங்க, எங்கம்மா அதுல இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நோட்டில் நம்பரைத் தேடி, ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். இடது ஓரத்தில், கடைசிக்கு முந்தின ஆளாக, கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறார். கேலரியில் அவர் இல்லை. கட்டம் அவரை வெட்டிவிட்டது.

35 எம்எம் படம் 36 மில்லிமீட்டர் அகலம், 24 உயரம். அதைச் சதுரமாக்கினால் பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் போகும், அதாவது படத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு வரிசையில் பன்னிரண்டு பேர் நெருக்கி நின்றால், இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் காணாமல் போவார்கள். கேமராவைத் திருப்பி உயரவாக்கில் எடுத்த படமாக இருந்தால் மேலேயும் கீழேயும் வெட்டு விழும். பாதிக் கல்யாணப் பெண்களுக்கு நெற்றிச்சுட்டிக்கு மேலே தலையே இல்லை. அழுத்தினால் முழுப் படம் திறக்கும் என்பது அவர் சொன்ன சமாதானம். தன் அம்மா இல்லாத படத்தை எந்த மகள் அழுத்திப் பார்ப்பாள்? குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டு மருமகள்கள், வேலைக்கு வந்தவர்கள், தூரத்துச் சொந்தம். அப்பா கடைசி ஆள்வரை ஃபிரேமுக்குள் வரவேண்டும் என்று ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி எடுப்பார். அதை ஒரு கட்டம் இப்படிச் செய்ததை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அப்புறம் கேப்ஷன். மூன்று வாரம் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் பார்த்து 900 படத்துக்குப் பெயர், ஊர், வருடம் அடித்தேன். கம்ப்யூட்டரில் மவுஸ் அம்பைப் படத்தின் மேல் கொண்டுபோனால் அவை தெரியும். போனில் ஏது மவுஸ்? கேலரியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் போனில்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு என் 900 வரியில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவர் எனக்குக் காட்டியதெல்லாம் லேப்டாப்பில்தான், ஒரு தடவைகூடப் போனில் காட்டவில்லை.

என் போன் நம்பர் பக்கத்தின் அடியில் இருந்தது. ஆனால் கீழே போகப் போக இன்னும் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும், நம்பர் இருக்கும் இடத்தை எட்டவே முடியாது. பாரம் வேறு. 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்த படம் ஏறக்குறைய 3,400 பிக்சல் அகலம், ஒவ்வொன்றும் 5 எம்பி. அதைச் சுருக்காமல் அப்படியே ஏற்றி, கட்டத்தில் மட்டும் சின்னதாகக் காட்டியிருக்கிறார். முகப்பில் 60 படம் என்றால் 300 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி பேக் போடுகிறவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு எங்கள் முகப்பிலேயே தீர்ந்துவிடும். இந்தக் காட்சிக்கு 600 பிக்சலில் ஒரு சின்னப் பிரதி போதும், 100 கேபிகூட வராது. அழுத்தினால் திறக்கிற படத்துக்கு 1,600 பிக்சல் தாராளம்.

படத்தை வெட்டாத லேஅவுட் வேண்டும் என்று கேட்டேன். மாற்றுவதற்குத் தனியாக 15,000 என்றார். மன்றாடிப் பார்த்து 8,000-க்கு ஒத்துக்கொண்டார், கொடுத்தேன். இந்தத் தடவை பின்டரஸ்டில் பார்க்கிற மாதிரி, செங்கல் அடுக்கியது போன்ற லேஅவுட். வெட்டு நின்றது, வரிசை போயிற்று. படங்கள் முதல் பத்தியில் மேலிருந்து கீழாகப் போய் முடிந்து, அடுத்த படம் இரண்டாம் பத்தியின் உச்சியில் தொடங்கும். நம் கண்ணோ இடமிருந்து வலமாகப் பார்க்கும். மாப்பிள்ளை அழைப்புக்குப் பக்கத்தில் தாலி கட்டு, அதற்குப் பக்கத்தில் பந்தி, அடுத்த வரியில் மறுபடி மாப்பிள்ளை அழைப்பு. கல்யாண ஆல்பத்துக்கு வரிசைதான் உயிர். தனித்தனி இயற்கைக் காட்சிகளுக்கு இந்த லேஅவுட் பொருந்தும், சடங்குக்குப் பொருந்தாது.

சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் பொங்கலுக்கு வந்தபோதுதான் முழு விஷயமும் தெரிந்தது. தளத்தைத் திறந்து ஏதோ பார்த்தான். "அத்தை, இது வேர்ட்பிரஸ்ஸில் இலவசமாகக் கிடைக்கிற தீம்" என்றான். வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் செய்கிற மென்பொருள், தீம் என்பது அதில் போடுகிற ஆயத்த வடிவமைப்பு. எனக்காகவே டிசைன் பண்ணியது என்று பில்லில் 9,000 போட்டிருந்த அதே லேஅவுட். தன் லேப்டாப்பில் அதே தீமைப் போட்டு, கேலரியில் படத்தை வெட்டிப் பொருத்தும் பொத்தானை அணைத்துக் காட்டினான். எல்லோருடைய தலையும் திரும்பி வந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சரி, நாமே மாற்றிக்கொள்வோம் என்று பார்த்தால், எனக்குக் கொடுத்திருந்த லாகினில் அந்த இடத்துக்கே போக முடியவில்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரி, அவர் பெயரில், அவர் இமெயிலில் இருந்தது. கேட்டபோது மீதி 15,000-ஐக் கட்டச் சொன்னார். கட்டினேன். அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் என் பாஸ்வேர்டும் வேலை செய்யவில்லை. மொத்தம் 48,000. ஸ்கேன்களின் மூலப் பிரதி என் ஹார்ட் டிஸ்கில் இருந்ததால் பிழைத்தேன்.

இப்போது அண்ணன் மகன் உதவியோடு வேறு முகவரியில் புதிதாகப் போட்டிருக்கிறோம். ஃப்ளிக்கரில் பார்த்திருப்பீர்களே, ஒரு வரிசையில் எல்லாப் படமும் ஒரே உயரம், அகலம் மட்டும் படத்துக்குத் தகுந்தபடி மாறும், அந்த லேஅவுட். எதையும் வெட்டாது, வரிசையும் மாறாது. உயரவாக்கில் எடுத்த படங்கள் கொஞ்சம் சின்னதாகத் தெரிகின்றன என்பது உண்மை. அதனால் போனில் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி வைத்தோம். கேப்ஷன் எப்போதும் படத்துக்கு அடியில். பக்கத்துக்கு 30 படம், வருடவாரியாக. முடிவு செய்யும் முன் எங்களிடம் இருப்பதிலேயே கஷ்டமான இருபது படத்தை எடுத்துப் பார்த்தோம். அகலமான பள்ளிக்கூட குரூப், ஒல்லியான முழு உருவப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் போட்டு, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் பழைய போனில் திறந்து பார்த்தோம். டெமோ கேட்கும்போது இந்த இருபதைத்தான் நான் அனுப்பியிருக்க வேண்டும். ஒன்றுவிடாமல் அத்தனையையும் போட்டுக் காட்டுங்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். டொமைனை முதல் நாளே என் பெயரில், என் இமெயிலில் வாங்கியிருக்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். அப்படி எடுத்து வைக்காதவர்கள் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

எட்டயபுரத்துப் பெண்மணிக்கு முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். பழைய முகவரி இன்னும் திறக்கிறது, அதை மூட எனக்கு வழியில்லை. எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு ஆள் இதில் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். வருடமும் ஊரும் சொல்லுங்கள், நோட்டைப் பார்த்து முழு நெகட்டிவையும் எடுத்துத் தருகிறேன்.