கான்வகேஷன்: மேடையா, கவுண்டரா?

படிப்பு முடிந்து ஒரு வருஷம், சில சமயம் அதற்கும் மேலே ஆகி, ஆளாளுக்கு ஒரு வேலையில் ஒட்டிக்கொண்ட நேரம் பார்த்துதான் பட்டமளிப்பு விழா தேதி வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். உடனே எல்லோருக்கும் ஒரே யோசனை: லீவு போட்டுப் போகணுமா, அப்புறமா ஆபீஸ் ரூமில் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டால் போதாதா? நான் இரண்டையும் செய்தவள். பி.காமுக்குப் போகவில்லை, எம்.காமுக்குப் போனேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காசிமேட்டில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டது, "கவர்னர் கையாலயா வாங்கப் போற?" என்றுதான். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய விழா சேப்பாக்கம் நூற்றாண்டு மண்டபத்தில் நடக்கும். அங்கே நேரில் மேடை ஏறுபவர்கள் பொதுவாக பிஎச்.டி. முடித்தவர்களும் ரேங்க் எடுத்தவர்களும்தான். வியாசர்பாடி அம்பேத்கர் கலைக்கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர், வண்ணாரப்பேட்டை தியாகராயா மாதிரி அதோடு இணைந்த கல்லூரிகளில் படித்த மற்றவர்களுக்கு 'இன் ஆப்சென்ஷியா'வாக, அதாவது ஆள் நேரில் வராமலேயே, பட்டம் வழங்கப்பட்டுவிடும். அந்தக் காகிதத்தை நம் கையில் கொடுக்கத்தான் கல்லூரியில் தனியாக கிராஜுவேஷன் டே. உங்களுக்கு ரேங்க் இருந்து சேப்பாக்கம் அழைப்பு வந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம், கிளம்புங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம், அங்கிருந்து வாலாஜா சாலையில் ஒரு ஆட்டோ. மற்றவர்களுக்குக் கல்லூரி மேடையா, கல்லூரி கவுண்டரா என்பதுதான் கேள்வி.

கவுண்டரின் பக்கம் உள்ள நியாயத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பி.காம் விழா வந்தபோது பாரிமுனையில் பில்லிங் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், அந்த மாதம் வீட்டு வாடகையில் பாதி என்னுடையது. சர்டிபிகேட்டைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசமும் கிடையாது. மேடையில் வாங்கினாயா, ஜன்னலில் வாங்கினாயா என்று எந்த இன்டர்வியூவிலும் என்னைக் கேட்டதில்லை, அதுவரை புரொவிஷனலை, அதாவது தற்காலிகச் சான்றிதழை, வைத்தே ஓட்டிவிட்டேன். ஆனால் கவுண்டர் என்றால் அலைச்சல் இல்லை என்று நினைத்தேன் பாருங்கள், அது நடக்கவில்லை. முதல் தடவை போனபோது பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு. இரண்டாவது தடவை பழைய ஐ.டி. கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை ரிஜிஸ்டரில் கையெழுத்து போட்டு, பழுப்புக் கவரை வாங்கி, பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். மூன்று அரைநாள் பர்மிஷன் போனது. விழாவுக்குப் போயிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும்.

அன்று ராத்திரி நைனா கவரைப் பிரித்து, தமிழில் என் பேர் எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபோட்டோ எதுவும் எடுக்கலையாம்மா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அதை அந்த நிமிஷம் வரைக்கும் நான் என்னுடைய விஷயமாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எம்.காமுக்குத் தேதி வந்த அன்றே லீவு எழுதிக் கொடுத்தேன். செலவு அதிகம்தான்: அங்கி வாடகை, அதற்கு டெபாசிட், ஃபோட்டோகிராபருக்கு, அம்மாவுக்கு ஒரு புடவை, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தை ஒட்டி வந்தது. முந்தின நாள் ரிகர்சல் வேறு. விழாவில் பெரும்பாலான நேரம் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பேச்சு, உறுதிமொழி, பிறகு துறைவாரியாகப் பேர் வாசிப்பது. என் பங்குக்கு மேடையில் கிடைத்தது பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடிக்காக, விடிவதற்கு முன்னாலேயே ஏலம் ஆரம்பிக்கும் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நைனா ஏழு மணிக்கே கேட்டில் நின்றிருந்தார்.

கருப்பு அங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் விட்டுப்போனது எதற்கு என்று 2010-ல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில், அப்போது மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அதைக் கழற்றினார். 2024-ல் மத்திய சுகாதார அமைச்சகமும் தன் கீழுள்ள கல்வி நிறுவனங்களை மாற்றச் சொன்னது. நம் ஊர் வெயிலில் அதைப் போட்டு நின்றவளுக்கு அந்த வாதம் நன்றாகவே புரியும். இருந்தும் நைனா கேட்டது அந்த அங்கி ஃபோட்டோவைத்தான், அதனால் எனக்கு அது பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஒருவருக்கு இரண்டே பாஸ் என்றார்கள். அம்மா, நைனா உள்ளே. என்னைத் தூக்கி வளர்த்த ஆயா, அதாவது என் பாட்டி, வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம். முதல் தலைமுறைப் பிள்ளைகள் இவ்வளவு பேர் படிக்கிற கல்லூரியில் இரண்டு பாஸ் என்பது தப்பு, மூன்றாவது ஆளுக்கு வராந்தாவிலாவது நாற்காலி போட வேண்டும்.

அதனால் என் கணக்கு இது. வேலையே போய்விடும், ஊருக்கு வெளியே இருக்கிறீர்கள், டிக்கெட் செலவு கட்டாது என்றால் கவுண்டர் ஒன்றும் குறைச்சல் இல்லை, பழைய ஐ.டி. கார்டையும் ஹால் டிக்கெட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், போவதற்கு முன் ஒரு போன் போட்டு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். வெறும் ஒரு நாள் சம்பளம்தான் தடை என்றால் மேடைக்கே போங்கள். நமக்காக வேண்டாம் என்று தோன்றினாலும் வீட்டில் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள், நான் பி.காமுக்குக் கேட்கவில்லை. பாஸ் எத்தனை என்று முதல் நாளே விசாரியுங்கள். வீட்டிலிருந்து யாரும் வர முடியாத சிநேகிதி வகுப்பில் ஒருத்தியாவது இருப்பாள், அவளுடைய பாஸை உங்கள் ஆயாவுக்குக் கேட்டு வாங்குங்கள், அவள் பேர் வாசிக்கும்போது உங்கள் வீட்டு ஆட்கள் கை தட்டட்டும்.