மூன்று சேனல்களில் ஒரே செய்தி: நாகர்கோவில் கேபிளில் மாலை நேர உள்ளூர்ச் செய்திகள்

நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் எங்கள் வீட்டுக் கேபிள் இணைப்பில் உள்ளூர்ச் செய்தி ஒளிபரப்பும் சேனல்கள் மூன்று வருகின்றன. மூன்றையும் வேறு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். ஆறரை, ஏழு, ஏழரை என அடுத்தடுத்துச் செய்தி வாசிப்பதால், ஒன்றை விட்டாலும் அடுத்ததைப் பிடித்துவிடலாம். காலில் அடிபட்டு வீட்டோடு இருக்க நேர்ந்த இரண்டு வாரமும் மூன்றையும் விடாமல் பார்த்து, நோட்டில் குறித்து வைத்தேன். நான் சொல்லப்போகும் குறை மூன்றுக்கும் பொதுவானது என்பதால் சேனல்களின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் நாள் குறிப்பில் இருப்பவை: மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆய்வுக்கூட்டம், ஒரு பேருந்து நிழற்குடை திறப்பு, பள்ளி மாணவர்களின் விழிப்புணர்வுப் பேரணி, நகை பறித்த இருவர் கைது. மூன்றிலும் இவையேதாம், இதே வரிசையில். நிழற்குடைச் செய்தி மூன்றிலும் “பொதுமக்களின் நீண்ட நாள் கோரிக்கையை ஏற்று” என்றே தொடங்கியது. அரசு அலுவலகத்திலிருந்து வரும் செய்திக்குறிப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தால் இப்படித்தான் அமையும். குறிப்பு அனுப்புவது அலுவலகத்தின் வேலை, அதில் பிழை இல்லை. ஆனால் அந்த நிழற்குடையில் எந்தெந்தப் பேருந்துகள் நிற்கும், இத்தனை நாள் மக்கள் எங்கே நின்று ஏறினார்கள் என்று அங்கே நிற்கும் ஒருவரிடம் கேட்க ஐந்து நிமிடம் போதும். பின்னால் சொல்லப்போகும் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தவிர, பதினான்கு நாளில் அப்படிக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைக்கூட நான் காணவில்லை.

இரண்டாவது வாரம் மலைப்பகுதியில் நல்ல மழை பெய்ததால், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்ற செய்தி வந்தது. அன்று காலையில்தான் குலசேகரத்திலிருக்கும் என் மைத்துனர் அருவியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். செம்மண் கலங்கிய நீர் பாறை தெரியாதபடி இரைந்து விழுந்துகொண்டிருந்தது. மாலையில் மூன்று சேனல்களும் காட்டியதோ வெயிலடிக்கும் ஒரு நாளின் பழைய காட்சி. மஞ்சள் சட்டை அணிந்த ஒருவர் தோளில் துண்டுடன் இடமிருந்து வலமாகக் கடந்து போகிறார், அவருக்குப் பின்னால் தெளிந்த நீர் மெல்லியதாக விழுகிறது. ஆறரைக்கும் ஏழுக்கும் ஏழரைக்கும் அதே மஞ்சள் சட்டைக்காரர் நடந்தார். தடையின் காரணத்தைப் பார்ப்பவருக்கு உணர்த்த வேண்டிய காட்சி, தடையே தேவையில்லை என்று எண்ண வைத்துவிட்டது.

இத்தொழிலில் இருக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் விசாரித்தேன். ஒருவர் எடுக்கும் காட்சி வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து எல்லாச் சேனல்களுக்கும் பிரிகிறது என்றார். மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகைதான். களியக்காவிளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் ஒரே நாளில் ஓடினால் பெட்ரோலுக்கே அது போய்விடுமாம். கல்யாண வீடியோ எடுத்துக் குடும்பம் நடத்தும் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தி தொடங்கும் முன்பே நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களாகப் போட்டு வருமானம் பார்க்கும் உரிமையாளர்கள்தாம் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. குளச்சலில் மீன் விற்கும் பெண்ணொருவர் மைக்கைப் பார்த்துக் கையை விரித்து ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய குரலை முழுக்க அடக்கிவிட்டுப் பின்னணி இசையை ஓடவிட்டு, வாசிப்பாளர் “மீனவப் பெண்கள் வேதனை தெரிவித்தனர்” என்று முடித்தார். மூன்றிலும் இதே கதை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு இணைந்த இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோட்டுத் தமிழ் ஒரு விதம், தோவாளைத் தமிழ் ஒரு விதம், கடற்கரைத் தமிழ் இன்னொரு விதம். சென்னைச் சேனல்களில் என்றைக்கும் கேட்க முடியாத இந்தப் பேச்சைக் கேட்க எங்களுக்கு இருக்கும் ஒரே திரை உள்ளூர்ச் சேனல்தான். அங்கேயும் வாசிப்பாளர்கள் சென்னைக்காரர்களின் ஏற்ற இறக்கத்தைப் பழகிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் சிவப்புப் பட்டையில் “பிரேக்கிங்” போடுகிறார்கள்.

உள்ளூர்ச் செய்தியில் நாங்கள் எதிர்பார்ப்பது பெரிய விஷயமில்லை. பேச்சிப்பாறை அணையில் 48 அடிக்கு எத்தனை அடி நீர் இருக்கிறது, பெருஞ்சாணி அணையில் 77 அடிக்கு எத்தனை என்பதைக் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பருவமும் நெல் வைப்பவர் தினமும் பார்க்கிறார். சேனல்கள் அந்த எண்களைச் சொல்கின்றன. தண்ணீர் கடைவரம்புக்கு, அதாவது கால்வாயின் கடைசி வயலுக்கு, வந்து சேர்ந்ததா என்பதைச் சொல்வதில்லை. கள்ளக்கடல் எனப்படும் திடீர்ப் பேரலைக்கான எச்சரிக்கையும் அப்படியே. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் நேரத்தையும் அலையின் உயரத்தையும் குறித்துத் தரும் எச்சரிக்கை, “நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை” என்ற ஒற்றை வரியாகத் திரையின் அடியில் ஓடி மறைகிறது. காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரக் கடலில் எழுந்த அலை இங்கே வந்து கரையேறும் என்பதை வெளியூரிலிருந்து கடல் பார்க்க வருபவருக்கு யார் விளக்குவது? 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகாவது இந்த எச்சரிக்கையைச் செய்தியின் தலைப்பில் வைத்து, ஒரு மூத்த மீனவரை நிறுத்தி இரண்டு நிமிடம் பேச வைத்திருக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில், எச்சரிக்கை எட்டாமல் ஆழ்கடலில் சிக்கியவர்களைப் பறிகொடுத்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள்.

நிறையும் உண்டு. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தையும் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவையும் முதல் சேனல் நேரலையாகத் தரும்போது, நடக்க முடியாத முதியவர்கள் வீட்டிலிருந்தே கைகூப்புகிறார்கள். எங்கள் அம்மாவும் அவர்களில் ஒருவர். இரண்டாவதில் வரும் இரங்கல் அறிவிப்புகள் ஊர், வீட்டுப்பெயர், அடக்க நேரம் எல்லாம் சரியாகத் தருகின்றன. மூன்றாவதில் சனிக்கிழமை தோறும் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து ஓர் இளைஞர் நேரில் நின்று பிச்சி, மல்லி விலையைச் சொல்லி, ஏன் ஏறியது என்று வியாபாரியிடமே கேட்கிறார். அந்த வியாபாரியின் குரலை யாரும் அடக்கவில்லை. நான் பார்த்த இரண்டு வாரத்தில் மற்ற இரண்டிலும் வராத ஒரே செய்தி அந்த நான்கு நிமிடம்தான்.

கேபிளோடு சேர்ந்தே வருவதால் இவற்றுக்கென்று தனிக்கட்டணம் இல்லை. அன்றாடச் செய்திக்கு மூன்றில் எதைப் பார்த்தாலும் ஒன்றுதான். அணை நீர்மட்டத்துக்கும் இரங்கலுக்கும் இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை ஏழரைக்கு மட்டும் மூன்றாவதுக்கு மாற்றிவிடுங்கள்.