ஏர்பஸ், போயிங், கோமாக்: பெயர் கெட்ட பின்னும் வரிசை குறையாத சந்தை

ஒற்றை நடைபாதை (இருக்கை வரிசைகளுக்கு நடுவே ஒரே நடைவழி கொண்ட) ஜெட் விமானம் வாங்கப் புறப்படும் நிறுவனத்தின் முன் இன்று போயிங் 737 மேக்ஸ், ஏர்பஸ் ஏ320 நியோ, சீனாவின் கோமாக் சி919 ஆகிய மூன்றும் நிற்கின்றன. ஆனால் உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

போயிங்கின் 737 முதன்முதலில் பறந்தது 1967இல். ஏணியும் தூக்கு வண்டியும் இல்லாத சிறு நிலையங்களிலும் சாமான் ஏற்ற வசதியாக அதைத் தரைக்கு நெருக்கமாக வடிவமைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பறந்த ஏ320இன் கால்கள் உயரமானவை. ஆகவே 2010இல் அகன்ற புதிய இன்ஜின்கள் கொண்ட நியோவை அறிவிப்பது ஏர்பஸ்ஸுக்கு எளிதாக இருந்தது. மறு ஆண்டு போயிங்கின் நீண்டநாள் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸே ஏர்பஸ் பக்கம் சாய்ந்ததும், போயிங் அவசரமாக அதே பழைய உடலில் புதிய இன்ஜினைப் பொருத்த முடிவு செய்தது; அதுதான் மேக்ஸ். இறக்கைக்கு அடியில் இடம் போதாததால் இன்ஜினை முன்னே தள்ளி மேலே ஏற்றினார்கள். அதனால் சில நிலைகளில் மூக்கு கூடுதலாக மேலெழும் போக்கு உண்டாயிற்று. அதை அடக்க ஒரே ஒரு உணரியை நம்பிய மென்பொருளைச் சேர்த்தார்கள். உணரி தவறான தகவல் தர, அந்த மென்பொருள் மூக்கைக் கீழே அழுத்தியதால் இந்தோனேசியாவில் 2018இலும் எத்தியோப்பியாவில் 2019இலும் விழுந்த இரு விமானங்களில் 346 பேர் இறந்தனர்.

வடிவமைப்புப் பிழையையாவது திருத்திவிட்டதாகச் சொல்லலாம். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9இல் கதவு அடைப்பு (பயன்படாத கதவு இடத்தை மூடும் பலகை) நடுவானில் பிய்ந்து போனதற்குக் காரணம், அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் இல்லாமலே விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியேறியதுதான். என் பார்வையில் உயிரிழப்பில்லாத இந்த நிகழ்வே போயிங்கின் பெயரை ஆழமாகக் கெடுத்தது. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் மேக்ஸின் மாத உற்பத்தியை 38ஆக முடக்கியது. தொழிலாளர் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு ஏர்பஸ் 766 விமானங்களை ஒப்படைத்தபோது போயிங் 348இல் நின்றது.

ஏர்பஸ்ஸும் மாசற்றதல்ல. நியோக்கள் பலவற்றில் உள்ள பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களின் உலோகத் தூளில் கலந்த மாசு 2023இல் தெரியவந்ததும் நூற்றுக்கணக்கான நியோக்கள் பறக்காமல் தரையில் நிறுத்தப்பட்டன. இண்டிகோவின் விமானங்களும் அவற்றுள் அடக்கம். மேக்ஸில் அந்த இன்ஜினே கிடையாது என்பதால் போயிங் வாடிக்கையாளர்கள் தப்பினர். 2025 நவம்பரில் சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுத் தரவைச் சிதைக்கலாம் என்ற அச்சத்தில் ஏறக்குறைய 6,000 ஏ320 வகை விமானங்களுக்கு மென்பொருள் திருத்தம் கேட்கப்பட்டது. பெரும்பாலானவற்றில் சில நாட்களில் வேலை முடிந்தது.

அப்படியானால் எல்லோரும் ஏர்பஸ்ஸிடமே போக வேண்டியதுதானே? அங்கே இன்று பணம் கட்டினால் விமானம் வரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த வரிசைதான் போயிங்கைக் காப்பாற்றுகிறது. ஏர் இந்தியா 2023இல் 250 ஏர்பஸ்ஸும் 220 போயிங்குமாக இரு பக்கமும் பிரித்து வாங்கியது. பெயரைவிட விநியோகத் தேதி பெரிது.

2023 மே மாதம் பயணிகள் சேவையில் இறங்கிய சி919 இந்த இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்ப்பது இப்போதைக்கு அவசரம். அதன் இன்ஜின் அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பு. 2025இல் வாஷிங்டன் சில வாரங்கள் ஏற்றுமதியை நிறுத்தியபோதே அதன் பலவீனம் தெரிந்தது. ஐரோப்பியச் சான்றிதழும் அதற்கு இன்னும் இல்லை. பிரேசிலின் எம்ப்ரேயர் நம்பகமானது, ஆனால் 146 இருக்கைகளுக்கு மேல் போகாது. (கனடாவின் பொம்பார்டியே மீது வழக்குத் தொடுத்து, அதன் சிறிய ஜெட்டை ஏர்பஸ்ஸின் கையில் தள்ளிவிட்டதும் போயிங்தான்.)

பெரிய வகைகளில் ஏர்பஸ்ஸுக்கும் போயிங்குக்கும் உள்ள இடைவெளி இன்னும் அதிகம். ஏ320இன் நீண்ட உடல் வகையான ஏ321இன் நெடுந்தூர வடிவம் 2024 இறுதியிலேயே ஸ்பெயினின் ஐபீரியா விமான நிறுவனத்துக்காக அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் குடும்பத்துக்குப் பதிலடியாக 2017இல் போயிங் அறிவித்த, மேக்ஸ் வகைகளில் பெரியதான மேக்ஸ் 10, 2025 முடியும்போதும் சான்றிதழுக்குக் காத்திருந்தது.