இளஞ்சிவப்பு டால்பின் பார்க்க ஹாங்காங்கில் இரண்டு படகுகள்: ஒன்று வீண், ஒன்று தேறும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத் தாளில் இருக்கிற பபிள்கம் நிற டால்பின் நம் தலைக்கு மேல் எகிறிக் குதிக்கும் என்று நம்பிப் போனால், காசு போச்சே என்று புலம்பிக்கொண்டுதான் கரை ஏறுவீர்கள். நானும் என் மாமாவும் அடுத்தடுத்த நாள் இரண்டு படகில் போனோம். இரண்டும் ஒரே கடல்தான், லாண்டாவ் தீவின் மேற்குப் பக்கம். ஆனால் அனுபவம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதல் நாள் தை ஓ. அதே தீவிலுள்ள துங் சுங் நகரிலிருந்து 11-ஆம் நம்பர் பஸ் பிடித்தால் நேரே அங்கே கொண்டுபோய் விடும். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற மரக்கால் வீடுகளும் கருவாட்டு வாசமும் உள்ள மீனவ ஊர். பாலத்துக்குப் பக்கத்திலேயே ஆள் நின்று கூப்பிடுகிறார்கள், ஐம்பது ஹாங்காங் டாலருக்குள் முடிந்துவிடும், மலிவுதான். ஆனால் நடந்தது என்ன? வீடுகளைச் சுற்றிக் காட்டிவிட்டு, விர்ரென்று கடலுக்குள் விட்டு, ஐந்து நிமிடம் இன்ஜின் உறுமலோடு வட்டமடித்துவிட்டுத் திருப்பிவிட்டார் படகுக்காரர். அந்தச் சத்தத்துக்கு எந்த டால்பினும் பக்கத்தில் வராது, வந்தாலும் அந்த வேகத்தில் நம் கண்ணில் படாது. மரக்கால் வீடுகளைப் பார்க்க என்றால் தாராளமாக ஏறுங்கள். டால்பினுக்காக ஏறாதீர்கள்.

மறுநாள் துங் சுங் படகுத்துறையிலிருந்து அரைநாள் படகு. முதல் நாள் கொடுத்ததைப்போல பத்து மடங்குக்கும் மேல் கட்டணம், மாமா கணக்குப் போட்டுப் பார்த்து முகம் சுளித்தார். கூட ஒரு வழிகாட்டிப் பெண் வந்தார், காசுக்கு ஏற்ற வேலை முழுவதும் அவருடையதுதான். கிளம்பும்போதே "இன்று தென்படாமலும் போகலாம்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பார்க்காவிட்டால் இன்னொரு முறை இலவசமாம். மறுநாள் ஊருக்கு விமானம் ஏறுகிறவனுக்கு அந்தச் சலுகை எதற்கு என்பது வேறு விஷயம்.

ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. வெயில், எண்ணெய் மினுக்கும் பழுப்புத் தண்ணீர், தலைக்கு மேல் இறங்கிக்கொண்டே இருக்கும் விமானங்கள், தூரத்தில் 2018-ல் திறந்த அந்த நீண்ட மக்காவ் பாலம். இரண்டு தடவை "அதோ!" என்று நான் கத்தியது மிதந்து வந்த தெர்மாகோல் பெட்டிக்கு. வழிகாட்டி சிரிக்கவில்லை, எல்லாருக்கும் முதலில் தெர்மாகோல்தான் தென்படும் என்றார். அப்புறம் திடீரென்று அவர் "மூன்று மணி! மூன்று மணி!" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் படகின் வலது பக்கம் ஓட, மாமா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "இல்லையே, பதினொன்றரைதானே ஆகிறது" என்றார். அவருக்கு முதல் டால்பின் போயே போச்சு. (படகின் மூக்கு பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு திசை சொல்வார்களாம். ஏறும்போதே சொல்லியிருக்கலாம்.)

நான் பார்த்தேன். முதலில் புஸ் என்று ஒரு மூச்சுச் சத்தம், பிறகு ஒரு வளைந்த முதுகு, அவ்வளவுதான், இரண்டு விநாடி இருக்கும். நிறம்? உரித்த சின்ன வெங்காயம் ஞாபகம் இருக்கிறதா, வெள்ளையும் இல்லை சிவப்பும் இல்லை, அது. அந்தக் கலங்கல் தண்ணீரில் அது எழும்பியதும் உள்ளேயிருந்து விளக்கு போட்ட மாதிரி இருந்தது. பின்னாலேயே இன்னொன்று, உடம்பெல்லாம் சாம்பல் புள்ளி, பாதி அழித்த கரும்பலகை போல. அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு குட்டி, முழுக்கக் கருஞ்சாம்பல். மூன்றும் ஒரே இனமா என்று கேட்டேன். ஒரே இனம்தானாம். பிறக்கும்போது கருஞ்சாம்பல், வளர வளர அந்த நிறம் புள்ளி புள்ளியாகக் கழன்று, பெரிதானதும் வெளிறிவிடும். அதிகாரப்பூர்வப் பெயரே சீன வெள்ளை டால்பின்தான். சிவப்பு என்பது சாயமில்லை, தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தம் தெரிவது, உடம்புச் சூட்டை வெளியேற்ற அப்படி ஓடுகிறது. எனக்கு என்னவோ சிவப்பைவிட அந்தப் புள்ளிக்காரிதான் பிடித்திருந்தாள்.

இவற்றை 1637-லேயே பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி பார்த்துப் பால்போல வெள்ளை, சிலது சிவந்தும் இருக்கின்றன என்று எழுதிவைத்திருக்கிறாராம். அன்றைக்கு எத்தனை இருந்தனவோ. ஹாங்காங் கடலில் 2003-ல் 188 என்று மதிப்பிட்டது 2018-ல் 32-க்கு வந்துவிட்டது. ஹாங்காங்கை ஒட்டிக் கடலில் கலக்கிற முத்து ஆற்றின் முகத்துவாரம் முழுக்கச் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேல் உண்டு, ஆனால் இந்தப் பக்கம் கடலைத் தூர்த்தது, விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை, விரைவுப் படகுகள் எல்லாமாகச் சேர்ந்து அவற்றை ஒதுக்கிவிட்டன. 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியபோது இதையே சின்னமாக வைத்துக் கொண்டாடியவர்கள்தான் என்று வழிகாட்டி சொன்ன தொனியில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. எனக்கும்தான். நாமும் டிக்கெட் எடுத்து அதே கடலில் இன்னொரு படகாகத்தானே போகிறோம் என்று உறுத்தியது.

அதனால்தான் எந்தப் படகு என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு டால்பின் கூட்டத்தை ஒரு நேரத்தில் ஒரே படகுதான் பின்தொடர வேண்டும், மெதுவாகப் போக வேண்டும், குறுக்கே விழக்கூடாது என்று அரசாங்கம் நடத்தை நெறி வைத்திருக்கிறது. நாங்கள் போன அரைநாள் படகு தள்ளியே நின்று இன்ஜினை அணைத்துவிட்டது. அதனால்தான் அந்த மூச்சுச் சத்தமே காதில் விழுந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒலிபெருக்கி கரகரவென்றது, பின் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. மேல்தளத்தில் நிழல் போதாது. அரைநாள் என்றார்கள், தண்ணீரில் இருந்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.

போகிறவர்கள் போலரைஸ்டு கண்ணாடி எடுத்துப் போங்கள், தண்ணீரின் மினுக்கு பாதி அடங்கும். பைனாகுலர் என்றால் ஏழு, எட்டு மடங்கு போதும், பத்து மடங்கு படகு ஆட்டத்தில் தலைசுற்றல்தான். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். போனில் படம் எடுக்க மெனக்கெட வேண்டாம். மாமா இருநூற்றுச் சொச்சம் படம் எடுத்தார், அத்தனையும் கடல், ஒன்றில் மட்டும் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார். தெர்மாகோல் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

தை ஓ படகுக்கு ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் அந்த வீடுகளுக்காக. அரைநாள் படகுக்கு நாலு.