கண்ணில் சதை எடுத்த பிறகு: மைட்டோமைசினா, ஃபைவ் எஃப்யூவா, ஸ்டீராய்டா?

கண்ணில் வளர்ந்த சதையை வெட்டி எடுத்தாச்சு, திரும்ப வளராமல் இருக்க என்ன போடலாம் என்று கேட்டால் மூன்று பெயர்கள் காதில் விழும்: மைட்டோமைசின், ஃபைவ் எஃப்யூ (ஃப்ளூரோயுராசில்), அப்புறம் ஸ்டீராய்டு. முதல் இரண்டும் புற்றுநோய் மருந்துகள். சொட்டாக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே ஊசி மருந்தை எடுத்து அளவாகக் கலந்து தருவார்கள். மூன்றாவது எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மைட்டோமைசின் ஆபரேஷன் தியேட்டரோடு நிற்க வேண்டிய மருந்து. அதைச் சொட்டாக வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

இந்த மருந்துகள் எதற்கு என்றால், சதையை வெட்டிய இடத்தில் காயம் ஆறும்போது தழும்புத் திசுவும் புது ரத்தக் குழாய்களும் கிளம்பி மறுபடி கருவிழி மேல் ஏறுகின்றன. வெறுமனே வெட்டிவிட்டு வெண்விழியைத் திறந்தபடி விடும் பழைய முறையில் ஆய்வுக்கு ஆய்வு 30 முதல் 80 சதவீதம் வரை திரும்ப வந்திருக்கிறது. அப்படி வருவது முதல் சதையைவிடத் தடிப்பாகவும் முரட்டுத்தனமாகவும் வரும், இரண்டாவது ஆபரேஷன் சிரமமாகும். நாளெல்லாம் வெயிலில் நிற்கும் விவசாயி, மீனவர், உப்பளத் தொழிலாளி ஆகியோருக்குத்தான் இந்தச் சதை அதிகம் என்பதால், திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வா என்பது அவர்கள் கூலியில் கை வைக்கிற விஷயமும்கூட.

மைட்டோமைசினின் பலத்தில் சந்தேகமே இல்லை. செல்லின் டிஎன்ஏ இழைகளைப் பிணைத்துவிடும், அந்தச் செல் அதற்கப்புறம் பெருக முடியாது. 1963-லேயே ஜப்பானில் சதை ஆபரேஷனுக்குப் பிறகு இதைச் சொட்டாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 2 மில்லிகிராம் குப்பியை 10 மில்லியில் கரைத்தால் 0.02 சதவீதம், 5 மில்லியில் கரைத்தால் 0.04. கரைசல் ஊதா நிறத்தில் இருக்கும். ஃப்ரிட்ஜில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், அப்படி வைத்தாலும் வீரியம் நாளாக நாளாகக் குறையும். வழக்கமாகச் சொல்வது ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஒன்று அல்லது இரண்டு வாரம்.

சிக்கல் என்னவென்றால், தழும்புச் செல்லை நிறுத்துகிற அதே வேலையை வெண்விழியைப் பழுதுபார்க்கும் செல்களிடமும் இது காட்டும். வெண்விழி மெலிந்து உருகுவது, கருவிழியில் ஓட்டை விழுவது, கண் அழுத்தம் ஏறுவது, புரை வருவது என்று சொட்டு போட்டவர்களுக்கு நேர்ந்த கடுமையான பாதிப்புகள் 1992-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் தொகுத்து வெளியாயின. சில பாதிப்புகள் மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட வரலாம், மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. கண் வறட்சி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதோடு நம் வீட்டுப் பழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்: பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று ஏழு நாள் மருந்தை மூன்று வாரம் போடுவோம், பக்கத்து வீட்டில் யாருக்காவது கண் சிவந்தால் அதையே நீட்டுவோம். வேறு சொட்டில் இது தவறு என்பதோடு போய்விடும். மைட்டோமைசினில் கண்ணே போகலாம்.

அதே மருந்தை ஆபரேஷனின்போது சிறு ஸ்பாஞ்சில் நனைத்து, இமையிணைப் படலத்துக்கு (வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய தோல்) அடியில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்து, நன்றாகக் கழுவிவிட்டால் அளவு, இடம், நேரம் மூன்றும் டாக்டர் கையில் இருக்கும். அபாயம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்ப வந்த சதைக்கும் இளவயதுக்காரர்களுக்கும் இந்த வழி நியாயமானது.

ஃபைவ் எஃப்யூ இதைவிடச் சாது. பெருகிக்கொண்டிருக்கிற செல்லைத்தான் தடுக்கும், விளைவும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். 250 மில்லிகிராம், 5 மில்லி ஆம்பியூல் விலை குறைவு, சாதாரண அறை வெப்பத்திலேயே தாங்கும். அதில் 1 மில்லிக்கு 4 மில்லி செயற்கைக் கண்ணீர் சேர்த்தால் 1 சதவீதச் சொட்டு தயார். எரிச்சல் இருக்கும், தண்ணீர் வடியும், கருவிழியின் மேல்தோல் உரியும், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் ஆறிவிடும். சொட்டாக இதற்கு நல்ல பெயர் கிடைத்தது கண் மேற்பரப்புக் கட்டிகளில்தான். சதை திரும்பத் தலைகாட்டும்போது 0.1 மில்லி, அதாவது 5 மில்லிகிராம், அந்த இடத்திலேயே ஊசியாகப் போடுவார்கள். எனக்கு அந்த ஊசி பிடிக்கும், ஏனென்றால் சதை வளர்வதைப் பார்த்த பிறகு போடுவது, எல்லாருக்கும் முன்கூட்டியே போடுவதில்லை.

ஸ்டீராய்டு வேறு ரகம். பிரெட்னிசலோன் அசிடேட் 1 சதவீதம் அழற்சியைத்தான் அடக்கும், அழற்சி அடங்கினால் தழும்பும் அடங்கும். பால் மாதிரி இருக்கும் மருந்து அடியில் படிந்துவிடும், குலுக்காமல் விட்டால் முதல் வாரம் தண்ணீரும் கடைசி வாரம் கெட்டி மருந்துமாகப் போகும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். தனியாக எதையும் கலக்க வேண்டியதில்லை, கிருமி புகும் வாய்ப்பும் குறைவு. ஆனால் மூன்றில் ஒருவருக்குச் சில வாரங்களில் கண் அழுத்தம் ஏறலாம், வலியே தெரியாது. அதனால் இரண்டாவது, மூன்றாவது செக்கப்பில் அழுத்தம் பார்க்காமல் வந்துவிடாதீர்கள், தீர்ந்ததும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் நீங்களே வாங்கவும் வேண்டாம்.

பெவாசிசுமாப், சைக்ளோஸ்போரின் சொட்டுகளும் பேச்சில் உண்டு. முதலாவது புது ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும், கலந்துதான் தர வேண்டும், பலன் மிதம்தான்.

உண்மையில் மருந்தைவிடப் பெரிய மாற்றம் கொண்டுவந்தது ஒட்டு. அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய படலத்தை எடுத்துக் காயத்தில் வைத்துத் தைப்பது அல்லது பசையால் ஒட்டுவது. 1985-ல் வந்த முதல் பெரிய அறிக்கையில் திரும்ப வளர்ந்தது 5 சதவீத அளவுதான். ஒட்டும் வைத்து, ஸ்டீராய்டும் ஒழுங்காகப் போட்டால் முதல் சதைக்கு அது போதும் என்பது என் கணிப்பு.

க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) ஆபரேஷனில் கணக்கு மாறும். அங்கே திறந்துவிட்ட நீர்ப் பாதையைத் தழும்பு அடைத்துவிடும், அதனால் மைட்டோமைசின் இல்லாமல் பல டாக்டர்கள் தொடவே மாட்டார்கள். அமெரிக்காவில் 2012-ல் அதற்கென்றே ஒரு தயார் கிட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதுவும் தியேட்டரில் வைத்து எடுப்பதுதான், பிறகு தேவைப்பட்டால் ஃபைவ் எஃப்யூ ஊசி, கூடவே ஸ்டீராய்டு சொட்டு.

உங்கள் கையில் கலந்த சொட்டு ஏதாவது கொடுத்திருந்தால் பாட்டிலில் மருந்தின் பெயர், சதவீதம், கலந்த தேதி, காலாவதி தேதி நான்கும் எழுதியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். எத்தனை நாள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மைட்டோமைசின், ஃபைவ் எஃப்யூ இரண்டையும் கர்ப்பிணிகள் தொட வேண்டாம், போட்டுவிடுபவர் கையுறை மாட்டிக்கொள்ளட்டும், மிச்சத்தைச் சிங்கில் ஊற்றாமல் ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள்.