18 முடிந்த மகனும் வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டும்

ஏடிஎச்டிக்கு, அதாவது கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் இருக்கிற பிரச்சனைக்கு, மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை வீட்டில் இருந்து, அவனுக்கு 17 நடந்துகொண்டிருந்தால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 18,500 ரூபாயும் ஒரு செமஸ்டரும் போயின.

நாங்கள் ஏற்காடு, ஒண்டிக்கடை பக்கம். மகன் ஆறாவது படிக்கும்போது ஏடிஎச்டி என்றார்கள். அதிலிருந்து சேலத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில்தான் காட்டிவந்தோம். மாதம் ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மெத்தில்ஃபெனிடேட் என்கிற அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவோம். அது வந்த பிறகுதான் வகுப்பில் உட்கார்ந்தான். மதியச் சோறு மட்டும் பாதி அப்படியே டப்பாவில் திரும்பி வரும்.

பிளஸ் டூ முடித்துச் சேலத்திலேயே கல்லூரியில் சேர்ந்தான், ஹாஸ்டல். பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் கிளினிக் போனால், ரிசப்ஷனில் இருந்த பெண், "தம்பிக்கு 18 ஆயிடுச்சுங்க, இனிமே சார் பாக்க மாட்டாரு. பெரியவங்க டாக்டர்கிட்ட காட்டிக்கோங்க" என்றார். எந்த டாக்டர்? அது அவருக்குத் தெரியாதாம். சரி, ஏழு வருஷத்து ஃபைலையாவது கொடுங்கள் என்றேன். அதை வெளியே தர மாட்டார்களாம். நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். தப்பு என்னுடையது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அப்போது தெரிந்திருந்தால் எழுதிக் கொடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

அப்புறம் போன ஒரு டாக்டர், "வளந்தா சரியாயிடும்மா" என்று அனுப்பிவிட்டார். எல்லோருக்கும் அப்படிச் சரியாவதில்லை, பெரியவர்கள் நிறையப் பேருக்குத் தொடர்கிறது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்னொருவர் பழைய ஃபைலைக் கேட்டார். அதற்குள் மாத்திரை தீர்ந்துவிட்டது. இது காலையில் போட்டால் அன்றைக்கு மட்டும்தான். மிச்சம் எதுவும் உடம்பில் தங்காது.

இந்த நேரத்தில்தான் மகனுடைய செல்லில் ஒரு விளம்பரம் வந்தது. பெரியவர்களுக்கான ஏடிஎச்டி மையம், சேலத்திலேயே. போனோம். ஏசி, மீன் தொட்டி, "மேடம் மேடம்" என்று ஒரு பெண். பேக்கேஜ் 18,500, முழுதும் முன்பணம். முதலில் பிரெயின் மேப்பிங் என்று மகன் தலையில் ஒயர் வைத்த தொப்பியை மாட்டினார்கள். அரை மணி நேரத்தில் சிவப்பும் பச்சையுமாக ஒரு படம் பிரிண்ட் ஆகி வந்தது. "இந்தச் சிவப்புதான் பிரச்சனை மேடம்." வெள்ளிக் கொலுசு என்றால் உரசிப் பார்த்து வாங்குகிற ஊர் இது, நான் அந்தக் கலர் படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ஏடிஎச்டி இருக்கிறது என்று முடிவு செய்ய அப்படி ஒரு படம் தேவையே இல்லை. கேட்டு, பேசி, சின்ன வயசு விவரம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

டாக்டர் அங்கே இல்லை. வேறு ஊரிலிருந்து வீடியோவில் வந்தார், ஆறு நிமிஷம். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் சீட்டு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அஞ்சு ரோடு, நாலு ரோடு, அஸ்தம்பட்டி என்று அலைந்தேன். பாதிக் கடையில் இல்லை என்றார்கள், மீதியில் செல்லைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்கள். ஒரு கடைக்காரர்தான் நிறுத்தி விளக்கினார். "அக்கா, இது ஷெட்யூல் எக்ஸ் மருந்துங்க. இதுக்குன்னு தனி லைசென்ஸ் இருக்கிற கடையிலதான் கிடைக்கும். சீட்டு ரெண்டு காப்பி வேணும், ஒண்ண நாங்க ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும். போன்ல பாத்து எழுதுன சீட்டு இதுக்குச் செல்லாதுங்க." அவர் சொன்னது உண்மை. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலில் ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது என்று இருக்கிறது. அதாவது, செல்லாத சீட்டு என்று தெரிந்தேதான் அந்த மையம் என்னிடம் பணம் வாங்கியிருக்கிறது.

ஃபோன் செய்து கத்தினேன். அந்தப் பெண் கொஞ்சமும் பதறவில்லை. "நாங்களே ஏற்பாடு பண்றோம் மேடம்." மறுநாள் ஒரு பையன் கவரில் பத்து மாத்திரை கொண்டுவந்தான், 2,400 ரூபாய், பில் கிடையாது. பெயர் இருக்கிற பக்கம் வெட்டப்பட்ட மாத்திரை அட்டை. ஒழுங்கான அட்டையில் இடது பக்க மேல் மூலையில் சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் (XRx) என்று ஷெட்யூல் எக்ஸ் மருந்துக்கான குறி இருக்கும், அதைத்தான் ஏழு வருஷமாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், பரீட்சை பத்து நாளில் இருந்ததால் கை பர்ஸுக்குப் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது. இது போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலிலும் இருக்கிற மருந்து. பில்லும் சீட்டும் இல்லாமல் ஹாஸ்டல் பையில் பத்து மாத்திரையோடு இவன் சிக்கினால் யார் வந்து பேசுவார்கள்? அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று அரியர் விழுந்தது.

கடைசியில் சேலம் பெரியாஸ்பத்திரி, மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு ஓபிக்குப் போனோம். வரிசை நீளம்தான், காலையிலேயே போய்விடுங்கள். டாக்டர் முதலில் என்னை வெளியே உட்காரச் சொன்னார். 18 ஆகிவிட்டதே, அவனிடம்தான் பேசவேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் நியாயம்தான். எடை, பிரஷர், நாடித் துடிப்பு எல்லாம் பார்த்தார்கள். 12 வயசுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று கேட்டதற்கு, கிளினிக் தராத ஃபைலுக்குப் பதில் கைகொடுத்தது ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டு. "கவனம் இல்லை, பேச்சு அதிகம்" என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்த டீச்சருக்கு நூறு கும்பிடு. சீட்டு இரண்டு காப்பியாக எழுதிக் கொடுத்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சொன்னார்கள்.

அந்த மையம் இன்னும் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. அவர்கள் கொடுத்த பில்லில் 'கவுன்சலிங்' என்று ஒரே ஒரு வரிதான், பேக்கேஜ், டெஸ்ட், டாக்டர் பெயர் எதுவும் இல்லை. பணம் கட்டுமுன் பார்த்திருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் கலர் படம், செல்லாத சீட்டு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

மகன் இப்போது ஓபிக்குத் தனியாகவே போகிறான். போன மாதம் இரண்டு காப்பியையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தான். மறுபடி வரிசை.