செவ்வந்தி போன பிறகு வந்த பில்

33,394 ரூபாய். எங்கள் குதிரை செவ்வந்திக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் பில், அதைப் புதைத்த ஆறாம் நாள் பெரியப்பா போனுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. நாளை மறுநாள் இங்கிலாந்தில் நான் இருக்கும் லெஸ்டருக்குக் கிளம்புகிறேன், மூன்று வாரத்தில் ஊரில் எவ்வளவோ நடந்தது, ஆனால் மனசில் நிற்பது இது ஒன்றுதான்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில். பெரியப்பா சின்ன வயதில் ஜட்கா ஓட்டியவர். வண்டி போய் ஆட்டோ வந்த பிறகும் குதிரையை விடவில்லை. செவ்வந்தியை ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குட்டியாக வாங்கி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் அதுதான் போகும். நான் ஒவ்வொரு முறை வரும்போதும் பை நிறையக் கொள்ளு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு முன்காலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும், படுக்கும், உருளும், எழும். உடம்பெல்லாம் வியர்வை. லெஸ்டரில் என் மகள் குதிரையேற்றம் கற்கும் லாயத்தில் இதே மாதிரி ஒன்றுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் குடல் வலி என்று உடனே தெரிந்துவிட்டது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே கேஸும் தண்ணீரும் சேர்ந்தால் மூக்கு வழியாக டியூப் விட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் வயிறே கிழிந்துவிடும். தனியார் டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டோம். ஒரு மணிக்கு வந்தார், வலிக்கு ஊசி போட்டார், டிரிப்ஸ் ஏற்றினார். டியூப் கொண்டு வரவில்லை என்றார். மூன்றரைக்குக் கிளம்பிவிட்டார். ஐந்தரைக்குச் செவ்வந்தி பெரியப்பா மடியில் தலையை வைத்தபடியே போய்விட்டது.

விடிந்ததும் அரசு கால்நடை மருத்துவமனை டாக்டர் பைக்கில் வந்தார். எப்படிச் செத்தது என்று தெரியாமல் பெரியப்பா தூங்க மாட்டார் என்பதால் நான்தான் கேட்டேன். மாந்தோப்பில் வைத்து அறுத்துப் பார்த்தார். பெருங்குடல் முறுக்கிக்கொண்டு கறுத்துப் போயிருந்தது. “டியூப் போட்டிருந்தாலும் இது பிழைச்சிருக்காதுங்க, ஆபரேஷன் பண்ணணும், அதுக்கு இங்க வசதி இல்ல” என்று உள்ளதைச் சொன்னார். காசு நீட்டினேன், வாங்கவில்லை, கை கழுவத் தண்ணீர் மட்டும் கேட்டார். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஃபேக்டரிக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜேசிபி வைத்துக் குழி வெட்டி, இரண்டு மூட்டை உப்புக் கொட்டிப் புதைத்தோம்.

இப்போது பில்லுக்கு வருகிறேன். விசிட்டிங் சார்ஜ் 3,000, இரண்டு முறை என்று 6,000. அவர் வந்தது ஒரே முறை. டிரிப்ஸ் பதினான்கு பாட்டில் 3,500. காலி பாட்டில்கள் ஆறும் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கின்றன. ஊசி மருந்து 4,800. போக்குவரத்து 2,500. அவசர சிகிச்சை என்று மொட்டையாக 7,000. அப்புறம், ஸ்டமக் டியூப் 4,500! இதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. எதைச் செய்திருக்க வேண்டுமோ அதைச் செய்யவில்லை, அதற்கே காசும் கேட்டால் எப்படி? எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 5,094. கால்நடை கிளினிக் செய்யும் சிகிச்சைக்கு 2017ல் ஜிஎஸ்டி வந்தபோதே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பில்லில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, அப்படியானால் அந்த 5,094 யாருக்குப் போகிறது?

பெரியப்பா கொடுத்துவிடலாம் என்றார். “உசுரே போயிடுச்சு, இதுல என்னாத்தடா தம்பி கணக்கு பாக்கறது?” அவர் காலத்து மாட்டு டாக்டர் சைக்கிளில் வருவார், கேட்டது எதுவும் இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு இளநீர் குடித்துவிட்டுப் போவார். சாவுக்குப் பேரம் பேசக்கூடாது என்பது அந்த டாக்டருக்கும் தெரியும், இந்த டாக்டருக்கும் தெரியும். அந்த மரியாதையைத்தான் இப்போது இப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது. இங்கிலாந்தில் மருத்துவம் மலிவு என்று சொல்லமாட்டேன், இதே குடல் ஆபரேஷனுக்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும், நாய் பூனை வைத்தியச் செலவு பற்றியே 2024 மே மாதம் அரசு அமைப்பு ஒன்று விசாரணை தொடங்கியது. ஆனால் அங்கே பெரும்பாலும் குதிரையைத் தொடுவதற்கு முன்பே தோராயமாக இவ்வளவு ஆகும் என்று சொல்வார்கள், பிறகு எதற்கு எவ்வளவு என்று எழுதித் தருவார்கள்.

கிளினிக்குக்குப் போனேன். ஆறு காலி பாட்டில்களையும் பையில் போட்டு எடுத்துப் போனேன். முன்னால் இருந்த பெண், “அண்ணா, கம்ப்யூட்டர்ல போட்டா அப்படித்தான் வரும்” என்றாள், பாவம் அவள் என்ன செய்வாள். ஒரு மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தேன். பாட்டில்களை மேஜையில் வைத்தேன். டியூப் எங்கே என்று கேட்டேன். அந்த மாதிரி கேஸில் எப்போதும் போடுவதுதான், பில்லில் தானாக ஏறியிருக்கும் என்றார். நான் சத்தம் போடவில்லை. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணமே இல்லை, வக்கீலும் வேண்டாம், நான் லெஸ்டருக்குப் போனாலும் ஆன்லைனில் போட முடியும் என்று மட்டும் சொன்னேன்.

சரி, என்ன சார் கொடுக்கிறீர்கள் என்றார். ஒரு விசிட், ஆறு பாட்டில் 1,500, ஊசி, போக்குவரத்து, எல்லாம் 11,800. நடு ராத்திரியில் வந்து இரண்டரை மணி நேரம் இருந்ததற்கு 3,200 நானே சேர்த்தேன், அது நியாயம். ரவுண்டாக 15,000 கொடுத்து ரசீது வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பெரியப்பா தொகையைக் கேட்கவில்லை. “டியூப் போடலைன்னு அவரே ஒத்துக்கிட்டாரா?” என்று மட்டும் கேட்டார். ஒத்துக்கொண்டார் என்றேன். ரசீதை வாங்கிச் செவ்வந்தியின் சலங்கை வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்தார்.